அமைச்சரின் மணிக்கட்டு விளக்கு

பேருந்து நடத்துநர்களைத் திருடர்கள் என்று மேடையில் சொல்லிவிட்ட அமைச்சர் தணிகாசலம், பழித்தவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற புதுச் சட்டப்படி நடத்துநர் பூங்கோதையின் வீட்டுக்கு வந்திருந்தார். மனதாரக் கேட்டால் அவர் மணிக்கட்டில் அதிகாரிகள் கட்டிவிட்டிருக்கும் சிவப்பு விளக்கு பச்சையாகும். மாலை ஆறு மணிக்கு அது பச்சையாக இல்லாவிட்டால் பதவி போய்விடும்.

அடுப்படியில் நின்று அவர் தொண்டையைச் செருமினார். "பெரியோர்களே, தாய்மார்களே..."

"ஐயா, இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

அவர் விடவில்லை. எதிர்க்கட்சியின் சதிவரை பேசி முடித்தார். விளக்கு நிறம் மாறவில்லை. அவர் குரல் கட்டிப்போனதைப் பார்த்துப் பூங்கோதைக்கு மனசு கேட்கவில்லை. மோர் கலந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரைப் பார்த்தபடி நின்றார்.

"உன்னையப் போய்த் திருடின்னுட்டேனேம்மா" என்றார் மெல்ல.

விளக்கு பச்சையானது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அமைச்சரின் கை தானாக உயர்ந்தது.

"என் பணிவுக்குக் கிடைத்த இந்த மாபெரும் வெற்றியை..."

விளக்கு மறுபடி சிவந்தது.

பூங்கோதை போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உக்காருங்க ஐயா. ஆறு மணிக்கு இன்னும் நேரமிருக்கு."