இரவல் குரல்

அந்தப் பெரிய நட்சத்திரம் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கூட நடித்தவர்களிடம் எல்லாம் அஞ்சலி வாங்கிவந்த இளம் நிருபர், கடைசியாக இந்த நடிகையின் வீட்டுக்கு வந்தான். தொலைக்காட்சியில் நட்சத்திரம் பழைய படம் ஒன்றில் அழுதுகொண்டிருந்தாள். நடிகை சத்தத்தைக் குறைத்தாள்.

“நடிப்புல நீங்க அவங்களுக்குக் கொஞ்சமும் குறைஞ்சவங்க இல்ல மேடம். ஆனா கதாநாயகியா மூணு படத்துக்கு மேல நிக்க முடியல. ஏன்?”

“நீங்களே சொல்லுங்க தம்பி.”

“தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசினாலே அவங்க ஞாபகம்தான் வருது. அவங்க குரலை அப்படியே காப்பி அடிக்கிறீங்கன்னு அப்பவே எல்லாரும் எழுதினாங்களே.”

“எழுதினாங்க.”

தேநீர் கொண்டுவந்த மகள் கோப்பையை டக்கென்று வைத்தாள். “முப்பது வருஷமா இந்தப் பழியைச் சுமந்தது போதாதாம்மா? இப்பவாவது வாயைத் திற.”

“சும்மா இருடி. தம்பி கேட்டு முடிக்கட்டும்.”

“அவங்களைப் பத்தி ஏதாவது சொல்லுங்க மேடம். கடைசி வரைக்கும் ஒரு பேட்டி கொடுக்கல, மேடையில ஒரு வார்த்தை பேசல. எவ்வளவு அடக்கம்!”

“ரொம்ப அடக்கம்.”

“அப்போ, காப்பின்னே எழுதிக்கவா?”

நடிகை தேநீரை முழுவதும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அவ உயிரோட இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன் தம்பி. அவ நடிச்ச எல்லாப் படத்துக்கும் டப்பிங் பேசினது நான்தான்.”