சீட்டுக்கு அடியில்

"வண்டியில ஒண்ணும் இல்லப்பா. நடுக்கமெல்லாம் இவளுக்குத்தான்," என்று பட்டறை வாசலிலேயே தீர்ப்பை வாசித்துவிட்டார் கணவர்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மெக்கானிக் ஒருமுறை சுற்றி வந்தான். எந்த வண்டியின் நோயையும் சத்தத்திலேயே பிடித்துவிடுவான் என்பதால் அவனுக்குக் 'காது' என்று பெயர். முதலாளி, கடைப்பையன், கடன்காரன் எல்லோருக்கும் அவன் காதுதான்.

"எங்கம்மா நடுங்குது? ஸ்டியரிங்கா, சீட்டா?"

"சீட்டுக்கு அடியில," என்றாள் அவள், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"பக்கத்துல கண்ணை இறுக்க மூடிக்கிட்டு வர்றவளுக்கு அடியில இருக்கிறது என்ன தெரியும்?" என்றார் கணவர்.

"நீங்க எவ்வளவு வேகம் போவீங்க சார்?"

"அதுக்கெல்லாம் கணக்கு ஏதுப்பா? இதை வாங்கி வெச்சுக்கிட்டு மாட்டு வண்டி மாதிரியா ஓட்டுவாங்க? ஏறி உக்காந்தா பறக்க வேண்டியதுதான்."

"உங்களுக்கு நடுக்கம் தெரியலையா?"

"பறக்கிறவன் ரோட்டைப் பார்ப்பானா, பின்பக்கத்தைப் பார்ப்பானா?"

பட்டறையே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. தலை வலித்தால் நரம்பு. தூக்கம் வராவிட்டால் நரம்பு. மகள் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றால் அதுவும் நரம்பு. அவளுக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவர் ஒரே பெயர் வைத்திருந்தார். வண்டியில் குறை இல்லை என்று காது சொல்லிவிட்டால் அடுத்தது நரம்பு டாக்டர் என்று வீட்டிலேயே முடிவாகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கொஞ்ச நாளாக அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. நடுங்குவது வண்டியா, நானா?

"ஓட்டிப் பார்த்துடலாம்," என்று காது சாவியை வாங்கினான். கணவர் பக்கத்து இருக்கையில் ஏறப் போனார்.

"நீங்க இல்ல சார். நடுக்கம் யாருக்குத் தெரியுதோ அவங்கதான் கூட வரணும். பல்லு வலின்னா வலிக்கிறவனைத்தானே நாற்காலியில உக்கார வைப்பாங்க?"

புறவழிச் சாலையில் எண்பதில் கார் வழுக்கிக்கொண்டு போனது.

"தெரியுதாம்மா?"

"இல்ல. அவர் இன்னும் வேகமாப் போவாரு."

நூறு.

"இன்னும் வேகமா."

நூற்றி இருபது. காது ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் விரல்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பயமா இருந்தா சொல்லுங்கம்மா, குறைச்சுடறேன்."

"அவர் குறைக்க மாட்டாரு," என்றாள் அவள், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நூற்றி நாற்பதில், சீட்டுக்கு அடியில் கோபமான பூனை ஒன்று உறுமத் தொடங்கியது. உறுமல் முதுகெலும்பு வழியாக ஏறிப் பல்வரிசை வரை வந்தது. காது கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். இஞ்சின் அடங்கியது. உறுமல் அடங்கவில்லை.

"இஞ்சின் இல்லம்மா. அடியில நீளமா ஓடுதே ஷாஃப்ட், அதுலதான் கோளாறு. நீங்க சொன்னது சரி."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்க சொன்னது சரி என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

பட்டறையில் வண்டியை உயரத் தூக்கி, அடியில் டார்ச் அடித்துக் காட்டினான் காது.

"கிளட்ச் மாத்த கியர்பாக்ஸை இறக்கினவன் திரும்ப மாட்டும்போது கோணலா மாட்டிட்டான். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பின்சக்கரம் மூணும் ஒரே நேர்ல இருக்கணும். இங்க ஒரு நூல் விலகியிருக்கு பாருங்க. புருஷன் பொண்டாட்டி மாதிரிதான் சார். மெதுவாப் போற வரைக்கும் கோணல் வெளிய தெரியாது."

"எவ்வளவு வேகத்துல தெரியும்?" என்றார் கணவர்.

"நூத்தி நாப்பது தொடணும். அறுபதுல உருட்டுறவனுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது."

கணவர் வாயைத் திறந்தார். பட்டறை முழுக்க அவரையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த வாயைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

"அறுபதுல ஓட்ட நமக்கு வராதுப்பா," என்றார்.

கியர்பாக்ஸைத் தாங்கும் கட்டைக்கு அடியில் காது ஒரு தகடு வைத்து, ஷாஃப்டை நேராக்கி, தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தான். "இப்ப மடியில தண்ணி டம்ளர் வெச்சுக்கிட்டுப் போகலாம்," என்று சாவியைக் கணவரிடம் கொடுத்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது கணவர் ஓட்டினார். மார்பு ஸ்டியரிங்கில் இடிக்க, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருந்தார். ஒரு ஸ்கூட்டர் அவர்களைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது. முள் நாற்பதைத் தொட்டதும் எப்போதும்போல அவர் கால் பிரேக்குக்குத் தாவியது.

"ஏன்டி, அவன் நூத்தி நாப்பதுன்னு சொன்னானே. நான்தான் அந்த வேகமெல்லாம்... உனக்கு மட்டும் அது எப்படி..."

"எல்லாம் நரம்புதாங்க," என்றாள் அவள்.

அது அவருக்குச் சரியாகவே பட்டது. "அதானே பார்த்தேன். நாளைக்கு நான் வெளியூர் போயிட்டு வர்ற வரைக்கும் வண்டியை உறை போட்டு மூடி வை."

"சரிங்க," என்றவள், கைப்பைக்குள் கிடந்த மாற்றுச் சாவியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, இனி நூற்றி அறுபதுவரை தைரியமாகப் போகலாம் என்று கணக்குப் போட்டாள்.