பாதி போதும்

பாதிக் கட்டளை அடித்தாலே மீதியைப் புரிந்துகொள்ளும் புதிய கருவியை, குடிமக்கள் தரவுத்தள இயக்குநர் முனைவர் அருமைநாயகம் சால்வையும் மைக்குமாகத் தொடங்கிவைத்தார். தளத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் அந்த நகரத்தில் தண்ணீர், மின்சாரம், மைக் எல்லாமே.

இறந்தவர்களின் பெயர்களை நீக்குவது அமலியின் வேலை. "நீக்கு: ஏழாம் வார்டு" என்று அடித்து, "இறந்தவர்கள்" என்று முடிப்பதற்குள் இயக்குநர் குறுக்கே கையை நீட்டினார்.

"போதும்மா, மீதி அதுக்கே தெரியும்." எண்டரைத் தட்டிவிட்டார்.

"புரிந்தது. ஏழாம் வார்டு முழுவதும் நீக்கப்பட்டது" என்றது திரை.

அந்த வார்டில் உள்ள வீட்டில்தான் அமலியின் அம்மா ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருந்தாள்.

"ஐயோ, நிறுத்து!" என்று மைக்கில் கத்தினார் இயக்குநர். அவர் வீடும் அங்கேதான். மைக் அணைந்தது.

"இறந்தவர் கட்டளையிட முடியாது" என்றது திரை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது யாருக்கும் சலுகை காட்டாது.

வேறு வார்டில் பெயர் பதிந்திருந்த அமலி "மீட்டெடு: ஏழாம்" வரை வந்தாள்.

"மீதியை நானே முடிக்கட்டுமா?" என்று கேட்டது கருவி.

"அதுகிட்ட விடாத தாயி! முழுசா அடி, ஒரு புள்ளிகூட விட்டுடாத" என்று கைகூப்பினார் முனைவர்.

அடித்து முடித்தாள். கைபேசி ஒலிக்கும்வரை அவளும் மூச்சு விடவில்லை.

"கரன்ட்டு போயிட்டு வந்துச்சுடி. நெஞ்சை அடைச்சிருச்சு" என்றாள் அம்மா.

மைக்குக்கும் உயிர் வந்தது. இயக்குநர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"பார்த்தீங்களா? செஞ்ச தப்பை அதுவே திருத்திக்கிச்சு!"