ஒரு வரித் திருத்தம்

ஒரே ஒரு வரியைத் திருத்தப்போன ஞானசிகாமணி, முழுப் பக்கத்தையும் கலைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருந்த ஓர் இலவச மென்பொருளின் தமிழ்க் கையேடு அது. பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று எல்லா வரிகளையும் கொஞ்சம் உள்ளே தள்ளி அனுப்பினார். மாற்றங்களைக் காட்டும் திரை, பழையதெல்லாம் சிவப்பும் புதியதெல்லாம் பச்சையுமாகக் கல்யாணப் பந்தல்போல ஆகிவிட்டது.

‘உங்கள் பங்களிப்புக்கு நன்றி’ என்று உடனே பதில் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இவ்வளவு சீக்கிரம் யாரும் பதில் போட்டதில்லை. பெற்ற மகன்கூட வாட்ஸ்அப்பில் நீல டிக்கோடு சரி.

‘தப்பு என்னுதுங்க, மன்னிக்கணும்’ என்று எழுதினார். மறுபடியும் நன்றி. ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டார். அதற்கும் நன்றி. என்ன பண்பான மனிதர்! கடைசியில், மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டார்: ‘இந்தக் கையேட்டை யாராவது படிக்கிறாங்களா?’

நன்றி வந்தது.

மறுநாள் வேறொரு பெயரில் பதில் இருந்தது.

‘சார், நான் மெஹருன்னிசா. கையேட்டைப் பார்த்துக்கிறவ. இதுவரைக்கும் உங்களுக்குப் பதில் போட்டது மெஷின், அதுக்குப் பசிக்காது. உங்க திருத்தம் சரிதான்; அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப அனுப்புங்க. நீங்க கேட்டதுக்குப் பதில்: படிக்கிறது நானும் நீங்களும்தான். அப்புறம், நான் இன்னும் சாப்பிடலை.’