இமைப்பதற்குள் நிறைந்த திரை

"என் வேலைக்கே உலை வச்சிட்டியே, வெண்டெல்! உன் புது புரோகிராம்ல ஒரு எழுத்துகூட வரல!" டுலூத் நகரக் காப்பீட்டு அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் குமாஸ்தா ஆர்லீன் கத்தினாள்.

வெண்டெலுக்குச் சுருக்கென்றது. ஆமையாய் ஊர்ந்த எழுத்துகளை, வழக்கமான வழியை விட்டு நேரே திரைக்கு அனுப்பி, மின்னலாக்கியவன் அவன். விசையைத் தட்டினான்; இமைப்பதற்குள் பக்கம் நிறைந்தது.

"முழுசா நிக்குதே! வம்புக்குன்னே பேசுறியா?"

அவள் தன் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி அவன் காதில் திணித்தாள். சத்தமே இல்லை.

"பழைய வழியில போற எழுத்தைத்தான் என் பேசும் பெட்டி பிடிச்சுப் படிக்கும், மேதையே! அதை ஊமையாக்கிட்ட. உட்காரு, நீயே படி!" நாற்காலியில் சாய்த்திருந்த வெள்ளைக் கைத்தடியைத் தடவி எடுத்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.

மாலைவரை அவன் வாசிக்க, அவள் தட்டினாள்.

"பழசையே போட்டுத் தொலை," என்றாள். "அந்தப் பெட்டி உன்னைவிட வேகமாப் படிக்கும்."