பெரிய நாயாத்தான் வேணும்!

"இது நாயா, கன்னுக்குட்டியா?"

லிஃப்ட் மெக்கானிக் வாசலிலேயே ஆடிப்போய் நின்றுவிட்டான்.

காப்பகத்தில் இருந்து ஒரு நாயைத் தத்தெடுத்து வரப்போவதாக மனைவி சொன்னபோதே அவனுக்கு ஆச்சரியம். தெருவில் குட்டி நாய் குரைத்தாலே அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள் அவள். சரி, மடியில் வைத்துக் கொஞ்சுகிற மாதிரி ஏதோ ஒன்றைக் கொண்டுவருவாள் என்று நினைத்திருந்தான்.

"சின்னதா ஒண்ணு கிடைக்கலையா உனக்கு?"

"நாலு இருந்துச்சு. நான்தான் பெரிய நாயாத்தான் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அதற்குள் அந்தப் பெரிய நாய் ஓடிவந்து, அவன் தோளில் முன்னங்கால்களைப் போட்டு, மல்லாக்கத் தள்ளி, முகம் முழுக்க நக்கி முடித்திருந்தது. அன்றைக்கே அதற்கு 'லாரி' என்று பெயர் விழுந்தது.

லாரிக்கு எந்நேரமும் விளையாட்டுதான். வாலை ஆட்டினால் மேஜைமேல் இருக்கிற டம்ளர் தரைக்கு வரும். செருப்பு ஒன்று இருந்தால் ஜோடி இருக்காது. அதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அப்பாவின் அறையிலிருந்து மனைவியின் சத்தம்.

"ஐயையோ! மெத்தையை நனைச்சு வெச்சிருக்கே இந்தச் சனியன்! மாமா, நீங்க ஹாலுக்குப் போங்க, நான் பார்த்துக்கறேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்காருகிற மனுஷர். அவர் மெத்தையிலா!

அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. ஒரு நாள் மெத்தை, இன்னொரு நாள் நாற்காலிக் குஷன். ஒவ்வொரு தடவையும் மனைவி தெருவுக்கே கேட்கிற மாதிரி நாயைத் திட்டுவாள். திட்டி முடித்த கையோடு சமையலறைக்குக் கூட்டிப்போய் அவித்த முட்டையை ஊட்டுவாள்!

"பண்ற தப்புக்கு முட்டை வேறயா? நீ குடுக்கற செல்லத்துலதான் அது குட்டிச்சுவராப் போகுது."

"திட்டு வாங்கினா அதுக்கும் மனசு நோகும்லங்க?"

அதைவிட அதிர்ச்சி, அப்பா. ஹோம்வொர்க் மறந்ததற்காகப் பெற்ற பிள்ளையையே ஒரு பீரியட் முழுக்க முட்டி போட வைத்தவர், "விட்டுடுடா, வாயில்லா ஜீவன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பொறுமை போயே போய்விட்டது.

"போதும். இன்னிக்கே காப்பகத்துல விட்டுட்டு வந்துடறேன்."

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்க. இந்த ஒரு விஷயத்துல நான் சொல்றதைக் கேளுங்க."

"அப்பா படற பாடு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியறதாலதாங்க சொல்றேன்."

அவன் கேட்கிற நிலையில் இல்லை. லாரியை வண்டியில் ஏற்றிவிட்டான். அதுவோ ஊர் சுற்றப் போகிற குஷியில் ஜன்னல் வழியாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

காப்பகத்து அம்மா விஷயத்தைக் கேட்டு வாயைப் பிளந்தார்.

"இதுவா? வீட்டுக்குள்ளயா? சார், ஒன்றரை வருஷம் எங்ககிட்ட இருந்துச்சு. மழை கொட்டினாலும் கதவைப் பிறாண்டி வெளியேதான் போகும். உள்ளே ஒரு சொட்டு விட்டதில்லை. உங்க வீட்டம்மா கேட்டதும் அதுதானே?"

"என்ன கேட்டா?"

"'இருக்கறதுலயே பெரிய நாயா வேணும். ஆனா வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாத நாயா இருக்கணும்'னு மூணு தடவை சொன்னாங்க. ஃபாரத்துலகூட எழுதியிருக்காங்க, பாருங்க."

மனைவியின் கையெழுத்தேதான். அடியில் கோடு வேறு போட்டிருந்தாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நாய் வருவதற்கு முந்தைய மாதம் மாடிக் கொடியில் தினமும் காய்ந்த அப்பாவின் போர்வைகள் ஞாபகத்துக்கு வந்தன. என் துணியை நானே துவைத்துக்கொள்கிறேன் என்று அவர் அடம்பிடித்தார். சாப்பிடக்கூட அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தார். லாரி வந்த பிறகுதானே ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்?

'அட மடையா!' என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் லாரி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. நேராக அப்பாவின் அறை, ஒரே தாவலில் மெத்தை! பின்னாலேயே ஓடியவன் அறை வாசலில் நின்றுவிட்டான்.

மெத்தை நடுவில் பெரிய ஈரம். பக்கத்தில் அப்பா, ஈரத்தை மறைக்க எடுத்த போர்வையோடு, முட்டி போடச் சொன்ன பையன் மாதிரி நின்றிருந்தார். மூலையில் மனைவி, கையில் வாளி. பழியை யார்மேல் போடுவது என்று தெரியாமல் விழித்தாள்.

"டேய் லாரி!" வீடே அதிரக் கத்தினான் அவன். "வந்ததும் வராததுமா உன் வேலையைக் காட்டிட்டியா? வெளியே வாடா, உன்னை வெச்சுக்கறேன்!"

அப்பாவுக்கு மூச்சு வந்தது.

"திட்டாதேடா... போனாப் போகுது."

சமையலறையில் மனைவி முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். அதை வாங்கி அவனே லாரிக்கு ஊட்டினான்.

"நாய்னாலே உனக்கு உயிர் போகும். ஒரு சின்ன நாயா எடுத்திருக்கக் கூடாதா?"

"எடுத்திருக்கலாம்ங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா முக்கால் மெத்தை நனையுதே. சின்ன நாய்மேல பழியைப் போட்டா, நாம நம்பிட்டோம்னு மாமா நம்பணுமே!"