எட்டாவது வரிக்கு மூன்று இல்லை

"மூணு தீந்துபோச்சு வாத்தியாரே" என்றார் வலியுல்லா.

வருடம் 1931. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஓர் அச்சகம். வலியுல்லா அங்கே எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். நான் ஒரு கல்லூரியில் மூன்று வருடமாகத் தற்காலிகக் கணித ஆசிரியன்.

சனிக்கிழமை கணிதச் சங்கத்தில் புதிதாக ஏதாவது சொன்னால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஏப்ரலோடு வீட்டுக்குப் போகலாம் என்று பிரின்சிபால் துரை சொல்லியிருந்தார். வீட்டில் மனைவிக்கு ஏழாவது மாதம்.

என்னிடம் புதிதாக ஒன்று இருந்தது.

31 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. அதன் முன்னால் ஒரு மூன்றை வையுங்கள்: 331. அதுவும் பகா எண். இன்னொரு மூன்று: 3331. அதுவும் அப்படியே. இப்படி 33333331 வரை ஏழு எண்களும் யாருக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த ஏழாவதை ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரை வகுத்துப் பார்த்தேன். இரண்டரை மாதம். காகிதம் தீர்ந்து வேட்டியிலும் வகுத்தேன். அந்த வேட்டி வெளுப்புக்குப் போய், மூன்று நாள் உழைப்பு சைதாப்பேட்டையில் ஆற்றோடு போயிற்று. அடையாற்று மீன்களுக்கு வகுத்தல் தெரியும் என்று நான் சொன்னால் இன்றுவரை ஒருவரும் நம்புவதில்லை.

எட்டாவது எண்ணை மட்டும் சோதிக்கவில்லை. ஒரே வீட்டில் ஏழு பிள்ளைகள் வரிசையாக பி.ஏ. பாஸானால் எட்டாவது பிள்ளையின் மார்க்கை யார் பார்க்கிறார்கள்?

நோட்டீஸுக்கு நான் கொடுத்த தலைப்பு: 'முப்பத்தொன்றுக்கு முன் எத்தனை மூன்று வைத்தாலும் பகா எண்ணே.' கீழே எட்டு எண்கள், வரிக்கு ஒன்றாக. நூறு பிரதி.

ஏழு வரி கோத்தாகிவிட்டது. எட்டாவதற்குத்தான் மூன்று இல்லை.

"இருபத்தெட்டு மூணு இருந்திச்சு. அல்லாம் உங்களுக்கே பூடுச்சு. மிச்சம் பஞ்சாங்கத்துக்குக் கோத்ததுல மாட்டிக்கினு கீது. அதைப் பிரிச்சா ஊருக்கே திதி தப்பிப்பூடும்."

"எட்டை எடுத்து இடது பக்கம் அரத்தால ராவினா மூணாயிடுமே, பாய்."

"ஈயத்துல அல்லாம் இடம் வலம் மாத்தி வாத்தியாரே. நீங்க சொல்ற பக்கம் ராவினா, மூணு உங்களைப் பாத்து முதுகைக் காட்டிக்கினு நிக்கும்."

அச்சகத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ஏழோட நிறுத்திக்கோங்க" என்றார் வலியுல்லா. "ஏழை வச்சிக்கினு 'எத்தனை வைத்தாலும்'னு சொன்னா எவனாச்சும் கேள்வி கேப்பான். நாமளே கேள்வியா போட்டுடுவோம். 'எத்தனை மூன்று வரை?' பெரியவங்க கண்டுபிடிக்கட்டுமே."

மாலைக்குள் மை காய வேண்டும். சம்மதித்தேன். எவ்வளவு பெரிய உண்மை, எட்டு ஈயத்துண்டு இல்லாமல் நொண்டிப் போயிற்றே என்று லஸ் வரை புலம்பிக்கொண்டே நடந்தேன்.

சனிக்கிழமை நோட்டீஸை எல்லோருக்கும் கொடுத்தேன். எட்டாவது எண்ணை நானே கரும்பலகையில் எழுதிக் கைதட்டு வாங்குவதாக உத்தேசம். சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தபோது துரை எழுந்து வந்து அதை எழுதிவிட்டார்.

333333331.

ஏழால் வகுத்தார். பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்தார். பதினேழுக்கு வந்தார்.

மீதி பூஜ்யம்.

இரண்டரை மாதம் வகுத்தவன் இன்னும் ஒரு நிமிஷம் வகுத்திருக்கலாம். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

துரை நோட்டீஸைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரியாக ஏழில் நிறுத்தி, எட்டாவதைக் கேள்வியாக வைத்திருக்கிறான், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த இளைஞன் என்று சபைக்குச் சொல்லி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நானும் தெரிந்தவன் மாதிரியே நின்றேன். வேலை நிரந்தரமாயிற்று.

திங்கட்கிழமை ஒரு வீசை மைசூர்பாகோடு அச்சகத்துக்குப் போனேன். என் குடும்பத்தைக் காப்பாற்றியது பஞ்சாங்கம். அதில் ஒரு பிரதி வாங்கிப் பூஜையில் வைத்து நமஸ்காரம் பண்ணுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

"பஞ்சாங்கமா?" என்றார் முதலாளி. "அது போன மாசமே அடிச்சு முடிஞ்சு, எழுத்தெல்லாம் பிரிச்சுப் போட்டாச்சே சார்."

வலியுல்லா சட்டென்று எழுந்து என்னைத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"அஞ்சு வேளைத் தொழுகையில ஒரு நாளைக்குக் கடமையான ரக்காத்து, அதான் தொழுகைச் சுத்து, பதினேழு வாத்தியாரே. அதனால எந்த நம்பரைக் கோத்தாலும் பதினேழால வகுத்துப் பாக்கறது நம்ம பழக்கம். கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு சும்மா இருக்காது இல்ல? உங்க ஏழு நம்பரும் வகுபடல. எட்டாவது வகுபட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, பாய்."

"நாலு பேரு நிக்கசொல்லோ, வாத்தியாருக்குக் கணக்கு தப்புன்னு கம்பாசிட்டரா சொல்றது? மூணு இல்லன்னு சொன்னா யாருக்கும் கொறச்சல் இல்ல." தாடியைத் தடவிக்கொண்டார். "ஆனா, பொய் பொய்தான. அன்னிக்குப் பதினேழோட ரெண்டு ரக்காத்து கூடத் தொழுதேன்."

மைசூர்பாகு பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன். அந்தக் கையை விடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"பத்தொன்பதும் பகா எண்தான், பாய்" என்றேன்.